மகாராசாவுக்கு ஒரு பெட்டிசம்

ஆறு வருடம் தோற்பதுதான் என் உத்தியோகம். கிழக்கு லண்டனில் பார்க்கிங், இல்ஃபோர்ட் என்ற ஊர்களிலும் கடற்கரை ஊர்களின் விடுமுறை முகாம்களிலும் கிழமைக்கு மூன்று தரம் ஒழுங்காகத் தோற்றேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அதற்கு முதல் ஒருதரம் தலைக்கு மேலே தூக்கப்பட்டு, பலகையில் முதுகு அடிபட விழுந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலைக்கு நின்றேன். ஒரு நாள் காலை மல்யுத்தக் காட்சி நடத்தும் முதலாளி ஒருவரின் பழைய வான் வண்டி அங்கே வந்து படுத்துவிட்டது. உள்ளே அவரும் மூன்று மல்லர்களும் இருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. வந்த கோபத்தில் நான் தனியாளாக அதைத் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போனேன். முதலாளி கண்ணாடியை இறக்கி என் தோளைப் பார்த்தார். அவருக்கு அவசரமாக ஒரு மகாராசா தேவைப்பட்டது.

அதுவரை ‘பம்பாய் மகாராசா’வாக இருந்தவர் ஓர் ஐரிஷ்காரர். அவருக்கு முழங்கால் போய்விட்டது. நான் யாழ்ப்பாணத்தான், பம்பாயைக் கண்ணாலும் கண்டதில்லை என்றேன். ஐரிஷ்காரனும் கண்டதில்லை என்றார் முதலாளி. கடைசியில் ஓர் இந்திய அரசன் எப்படிக் கண்ணை உருட்டுவான் என்பதை அந்த ஐரிஷ்காரர்தான் இரண்டு கிழமை இருத்திவைத்து எனக்குப் பழக்கினார். யன்னல் சீலையில் தைத்த தலைப்பாகையையும் தந்தார். அதில் அவருடைய சிகரெட் மணம் கடைசிவரை போகவில்லை.

யார் வெல்வது, எத்தனையாம் சுற்றில் வெல்வது என்பதெல்லாம் போகும் வழியில் வானுக்குள்ளேயே முடிவாகிவிடும். அதை வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்பதுதான் தொழிலின் ஒரே சட்டம். பகலில் வீடுவீடாகப் பால் போத்தல் போடும் ஒரு பொன்முடிக்காரன் எப்போதும் நல்லவன். நான் எப்போதும் கெட்டவன். நான் அவனுடைய தலைமயிரைப் பிடித்து இழுப்பேன், கண்ணில் குத்துவேன். சனம் கூக்காட்டும். மூன்றாம் சுற்றில் அவன் என்னைத் தூக்கிப் போடுவான். நான் அப்படியே கிடப்பேன், சனம் சந்தோசமாக வீட்டுக்குப் போகும். பால்காரன் தங்கமான மனுசன். போடுவதற்கு முதல் காதுக்குள், ஆயத்தமா என்று கேட்பான்.

முதுகு நோவுக்குத் தைலம் வாங்க இல்ஃபோர்ட்டில் ஒரு மருந்துக் கடைக்குப் போவேன். அங்கே வேலை செய்த எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்தி நாலாம் தரம் என்னைக் கண்டதும், "கிழமைக்குக் கிழமை ஆரிட்ட அடி வாங்குறனீங்கள்?" என்று கேட்டாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அப்போதே எல்லாம் முடிந்துபோயிற்று.

அவளுடைய அப்பா ஊரில் முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். லண்டனுக்கு வந்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. உள்துறைக்கு, கவுன்சிலுக்கு, உதவிப்பணம் தரும் பெனிபிட் கந்தோருக்கு என்று கிழக்கு லண்டன் தமிழருக்கெல்லாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ‘தங்கள் மேலான சமூகத்தின் முன் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்’ என்றுதான் எல்லாம் தொடங்கும். என் அகதி விண்ணப்பமும் அப்படித்தான் தொடங்கியது.

மகள் என்னைக் கட்ட விரும்புகிற விசயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "வெல்லுறவரோ?"

"பாத்தால்தானே தெரியும், அப்பா."

"அப்ப பாத்திட்டுச் சொல்லுறன்."

பார்க்கிங் ஊர் மண்டபத்துக்கு அவர் கோட்டு, கழுத்துப்பட்டி, குடை, கொப்பி சகிதம் வந்து முன் வரிசையில் இருந்தார். அவரோடு இரண்டு வரிசைக்கு எங்கட சனம். என் பெயரில் கோயிலில் அர்ச்சனை வேறு செய்திருந்தார்கள். ஒரு மாமி கயிற்றுக்குள்ளால் கையை விட்டு என் நெற்றியில் திருநீறு பூசினா. வெள்ளைக்காரர் கூக்காட்ட, எங்கட ஆட்கள், "விடாதை! குடு!" என்று கத்தினார்கள். நான்தான் அங்கே கெட்டவன் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மகளைத் தரவேண்டிய மனிதருக்கு முன்னால் எப்படி இன்னொருவனின் தலைமயிரைப் பிடித்து இழுப்பது? கை வரவில்லை. நான் மரியாதையாக மல்லுக்கட்டினேன். ஆட்டம் சப்பென்று போயிற்று. பாவம் பால்காரன், காட்சியைக் காப்பாற்ற வேண்டுமே என்று, நடுவர் திரும்பிய நேரம் பார்த்து அவனே எனக்கு உதைந்தான். விரலைக் கடித்தான். கிளாக்கர் ஐயா கொப்பியில் எழுதினார். மூன்றாம் சுற்றில் வழக்கம்போலத் தோற்றேன்.

எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம். அநியாயம் நடந்தால் கை ஓங்க மாட்டோம், மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடுவோம். அதுவும் பெயரில்லாத மொட்டைப் பெட்டிசம். பத்து நாள் கழித்து முதலாளி ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். மண்டபத்துக்குச் சொந்தக்காரரான கவுன்சிலுக்கு யாரோ எழுதியது, நாலு பக்கம். பால்காரனின் குற்றங்கள் நேரத்தோடு பட்டியல் போடப்பட்டிருந்தன. நடுவரின் கண்பார்வையை அரசாங்க வைத்தியர் சோதிக்க வேண்டும், முடிவை ரத்துச் செய்து ஆட்டத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தது. கீழே ‘உண்மை விரும்பி’.

இன்னொரு கடிதம் போனால் மண்டபம் இல்லை, உனக்கு வேலையும் இல்லை என்றார் முதலாளி. முதல் வரியைப் பார்த்தேன். தங்கள் மேலான சமூகத்தின் முன். எழுதியவர் யாரென்று விளங்கிவிட்டது.

பேசாமல் இருந்தால் அவர் இன்னும் எழுதுவார். உண்மையைச் சொன்னால், கள்ள ஆட்டம் ஆடுகிறவனுக்கு மகளைத் தருவாரா? எப்படிப் போனாலும் பிள்ளை எனக்கில்லை. அவளிடமே கேட்டேன். "சொல்லுங்கோ. இல்லாட்டி அவரே கண்டுபிடிப்பார், அதுக்கும் ஒரு பெட்டிசம் போடுவார்" என்றாள்.

இல்ஃபோர்ட்டில் அவர்களுடைய முன்னறையில் தொழிலின் ஒரே சட்டத்தை உடைத்தேன்.

"ஐயா, நான் தோக்கிறது முதலே பேசி வைக்கிறது."

தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "ஆர்ர உத்தரவு?"

"முதலாளியின்ர."

"எழுத்திலயோ?"

"இல்லை, வாயால."

"எத்தினை வருசமா?"

"நாலு."

"ஒருநாளும் உத்தரவை மீறேல்லையோ?"

"இல்லை ஐயா."

"லீவு?"

"விலா எலும்பு உடைஞ்சு ரெண்டு கிழமை."

"மெடிக்கல் குடுத்தனீரோ?"

"ஓம்."

"யோசிப்பம், தம்பி" என்று எழும்பிப் போய்விட்டார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அடுத்த கடிதம் நேரே முதலாளிக்கு வந்தது. மல்லர்கள் எல்லோரும் இருக்க வானை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் சத்தமாக வாசித்தார். மேற்படி ஊழியர் நான்கு வருடங்களாக ஒரு தடவையேனும் மேலிடத்து உத்தரவை மீறாது தோற்று வந்திருக்கிறாராம். கடமையில் எலும்பு முறிந்தும் முறைப்படி மருத்துவச் சான்று கொடுத்தவராம். ஆகவே சேவை மூப்பின்படி அவரை வெல்லும் தரத்துக்குப் பதவி உயர்த்த வேண்டுமாம். இந்த முறை மொட்டை இல்லை. முழுப்பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் இருந்தன. ஊழியருக்கும் எழுதுபவருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் ‘பரிசீலனையில்’ என்றிருந்தது.

முதலாளி கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தார். சரி, ஒரே ஒரு வெற்றி என்றார்.

அது இல்ஃபோர்ட்டில் நடந்தது. மூன்றாம் சுற்றில் நான்தான் பால்காரனின் காதுக்குள், ஆயத்தமா என்று கேட்டேன். தூக்கிப் போட்டேன். கண்ணியமாக விழுந்து கிடந்தான். மணி அடித்தது. நடுவர் என் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே விட்டார். வெள்ளைக்காரர் கூக்காட்ட, எங்கட இரண்டு வரிசையும் எழும்பி நின்று கைதட்டியது. வென்ற பிறகு என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மணி அடித்தால் முதுகு பலகையைத் தேடும், நாலு வருடப் பழக்கம். பேசாமல் பால்காரனுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டேன்.

பால்காரன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். யாரோ மேடை விளிம்பில் குடையால் தட்டினார்கள்.

"எழும்பும், மருமகன்! வெண்டது நீர்தான்!"

சரியாகத்தான் கேட்டதா? பால்காரனிடம் விசாரிக்கலாமென்றால் அவனுக்குத் தமிழ் தெரியாது. அவர் இன்னொருதரம் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.