வைப்பாற்றில் நட்ட முளைகள்

சாத்தூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஆற்றுச் சூழல் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் நடத்த எனக்கு மனம் வரவில்லை. நடந்து போகும் தூரத்தில் வைப்பாறு இருந்தது. தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டேன்.

"வெறும் மணல்தான கெடக்கு டீச்சர். அங்கன போயி எதைக் காட்டப் போறீக?"

"மணலுக்குள்ள இருக்கறதத்தான்."

விடாமல் கேட்டதில் ஒரு வழியாகச் சம்மதித்தார்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு போனேன். பெரும்பாலும் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் மகள்கள். ஆற்றின் நடுவே நான்கு மர முளைகளை அடித்து, சுற்றிக் கயிறு கட்டினோம். அந்தச் சதுரத்துக்குள் இருப்பதையெல்லாம் பார்த்து எழுத வேண்டும். எறும்பு, கோரை, நத்தை ஓடு. முழங்கை ஆழம் தோண்டியதும் தண்ணீர் கசிந்தது. மாதம் ஒருமுறை அதே இடத்தைப் பார்ப்பதாகத் திட்டம்.

அடுத்த முறை போனபோது முளைகள் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவற்றைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தார்.

"யாரு வாங்குன எடம்னு ஆத்துக்குள்ள அளந்து கயிறு கட்டுறீக?"

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி முன்னால் வந்தாள்.

"யாரும் வாங்கல மாமா. இதுக்குள்ள எம்புட்டு உசுரு இருக்குன்னு பாக்கோம். நீங்களும் பாருங்க."

அவர் முழுதாக நம்பவில்லை. முளைகளைக் கொடுத்துவிட்டு, நாங்கள் அடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

ஐப்பசி மழையில் ஆறு ஓடியது. சதுரம் இருந்த இடமே தெரியவில்லை. இந்த ஆண்டுக்கு இது போதும் என்று நினைத்தேன். பிள்ளைகள் விடவில்லை. வெள்ளம் வடிந்து கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதும், சில தாய்மார்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனோம். கரையோரம் புதிதாக முளை அடித்தோம். மணல் இளகி, முளை இரண்டு முறை சாய்ந்தது. பிள்ளைகள் அடியில் கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள்.

ஒரு கல்லைப் புரட்டியபோது அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஊர்ந்தது. தும்பியின் இளம்பருவம் அது, சிறகு முளைக்கும்வரை தண்ணீரில்தான் வாழும் என்று சொன்னேன். ஒருத்தி அதை உள்ளங்கையில் ஏந்தினாள். கூட வந்த அவள் அம்மா எட்டிப் பார்த்தார்.

"கடிக்குமா டீச்சர்?"

"கடிக்காதும்மா," என்று மகளே பதில் சொன்னாள். படம் வரைந்து முடித்ததும் அதைத் தண்ணீரில் விட்டு, கல்லைப் பழையபடியே வைத்தாள்.