நோட்டை வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி

அம்மனை நம்பியிருக்கும் என் சொந்தங்களே, எனக்கு நன்றாகப் பேசத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

1961ஆம் வருஷம், ஆடி மாதம். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் நான் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்தில் இரண்டு குழந்தைகள் வயிற்றோட்டத்தில் இறந்துபோயின. புதைத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மருந்து கொடுக்கும் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். "வீடு வீடாய்ப் போய் விசாரிச்சுக்கொண்டு வாரும் பிள்ளை. இன்னும் ஆருக்கோ இருக்குது" என்று என்னை அனுப்பினார்.

நோட்டும் பென்சிலுமாகப் போனேன்.

"வயித்தோட்டம் யாருக்காவது இருக்கா? பேர் என்ன?"

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லிங்க."

எல்லா வாசலிலும் இதே பதில். ஆனால் கொடிகளில் குழந்தைத் துணி நிறையத் தொங்கியது. பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தாண்டியதும் கதவுகள் சாத்தப்பட்டன. "தோட்டத் தொரையோட ஆளு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர்கள் என்னை நம்பவில்லை. நானும் அவர்களை நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் நின்று அழுதேன். "தாயே, இவர்கள் வாயிலிருந்து உண்மையை வரவழை" என்று வேண்டினேன். வெளியே வந்தபோது கொழுந்தெடுக்கும் செல்லாயி அக்கா என்னை மறித்தார்.

"நீங்க கேக்குறது போலீசு கேக்குற மாதிரி இருக்குங்க. போன தடவையும் இப்புடித்தான் பேரை எழுதிட்டுப் போனாங்க. அந்த வீட்டு ஆளுகளுக்குக் காலையில பெரட்டுல பேர் கூப்புடுறப்ப வேலை குடுக்கல. இனி யாரு சொல்லுவா?"

இவர் எனக்கு ஏதோ வலை விரிக்கிறாரோ என்றுதான் முதலில் பட்டது. ஆனாலும் ஐயாவிடம் நேரடியாகக் கேட்டேன், நாம் எழுதும் பெயர்கள் எங்கே போகின்றன என்று. அவர் மருந்துப் போத்தலைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"முந்தி ஒருக்கால் தோட்ட ஒபீசிலை குடுத்தனான். பிழைதான். இனிக் குடுக்கமாட்டன்."

அன்று மாலை முழுவதும் தனியாக உட்கார்ந்து என் கேள்விகளைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று ஒரே சொல்லில் தப்பித்துவிடலாம். எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் நோட்டை டிஸ்பென்சரியிலேயே வைத்துவிட்டுப் போனேன். செல்லாயி அக்கா வாசலில் உட்கார்ந்தேன். தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டேன். புது மாட்டுக் கொட்டகைக்குக் கீழேயுள்ள பீலியில், மலைத் தண்ணீர் விழும் குழாயில், என்றார். பிறகு, "இந்த மழையில புள்ளைய வச்சிக்கிட்டு எப்புடிச் சமாளிக்கிறீங்க அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். தகரத்தில் மழை கொட்டியது. பேச நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"பேர ஒபீசுக்குக் குடுப்பீங்களா?"

"மாட்டேன் அக்கா. அம்மன் மேல சத்தியம்."

சாக்குத் திரையை விலக்கினார். மூன்று வயது மகள், கண்கள் குழிவிழுந்து, துணி போலக் கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐயா லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆறாம் நாள் அவள் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அதற்குள் இன்னும் நான்கு வீடுகள் வாய் திறந்திருந்தன. எல்லோரும் அதே பீலியைச் சொன்னார்கள். கொட்டகைச் சாணி அதில் கலந்திருந்தது; அது அடைக்கப்பட்டது. அதன் பிறகு அந்த லயத்தில் வயிற்றோட்டத்தில் ஒரு குழந்தையும் சாகவில்லை.

அவர்கள் வாயைத் திறக்கச் சொல்லி வேண்டினேன். அம்மன் முதலில் என் வாயை மூடினாள். இன்றுவரை இதே வேலையில் இருக்கிறேன். இறந்துபோன அந்த முதல் இரண்டு பிள்ளைகளை இன்னும் மறக்கவில்லை. சிலர் இன்னமும் என்னை நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நீங்களும் உங்கள் சந்தேகத்தோடேயே அம்மனிடம் போங்கள். அவள் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டாள்.