காத்தக்கா அளந்த காற்று

குன்றின் மேல் நாற்பது மீட்டர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் காற்றுக்குச் சுழலும் மூன்று கிண்ணங்கள், அடியில் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் காற்றின் வேகத்தைப் பதிவேட்டில் எழுதியவளை எல்லோரும் காத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்ப்பாள், எண்ணை எழுதுவாள். மாதக் கடைசியில் தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

அங்கே அவை அறிக்கையாகும். ஆறு அறிக்கைகள் வந்துவிட்டன. நாட்டில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை, மின்சாரம் எடுக்க அபாரமான வாய்ப்பு இருக்கிறது என்று ஆறும் ஒரே குரலில் சொல்லின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர் குன்றேறி வருவார். பறக்கும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதமான காற்று" என்பார். படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். காற்றாலைதான் வந்தபாடில்லை. அடிவாரத்தில் காத்தக்கா வீட்டில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

பதினாறாவது வருடம் ஒரு கிண்ணம் உடைந்து விழுந்தது. மற்ற இரண்டும் இறுகி நின்றுவிட்டன. மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லாததால் மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சார், மேல ஒண்ணும் சுத்தல. நான் என்னத்த எழுதறது?"

"போன வருஷத்தப் பாத்து எழுதும்மா. காத்து எங்க ஓடிப் போயிடப் போகுது?"

"அது ஓடறதத்தான சார் நான் அளக்கறேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

அவளொன்றும் பெரிய நேர்மைக்காரி இல்லை. சொல்லாமல் லீவு போட்டவள்தான். ஆனாலும் அடிக்காத காற்றை எழுத அவளுக்குக் கை வரவில்லை. பதினான்கு மாதம், மணிக்கொரு தடவை, 'சுற்றவில்லை' என்றே எழுதி அனுப்பினாள். அதற்கப்புறம்தான் புதுக் கிண்ணம் வந்தது.

பத்தொன்பதாவது வருடம் ஏழாவது அறிக்கைக்கு வெளியீட்டு விழா வைத்தார்கள். களப்பணியாளர் என்று காத்தக்காவை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். விழா தொடங்கும்போதே கரண்ட் போய்விட, வெளியே டீசல் ஜெனரேட்டர் உறும, உள்ளே இயக்குநர் சுத்தமான மின்சாரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பொழுது போகாமல் காத்தக்கா அறிக்கையைப் புரட்டினாள். அவளுடைய பதினான்கு மாதமும் அதில் எண்களால் நிரம்பியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் அப்படியொரு காற்றை அவள் கண்டதேயில்லை.

"நன்றி மட்டும் சொல்லுங்க, போதும்" என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் நன்றி. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருக்கற பதினாலு மாசமும் மிஷின் சுத்தவே இல்ல. நான் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். நின்னுபோன மிஷின்லதான் காத்து இவ்ளோ அடிச்சிருக்கு."

இயக்குநர் மைக்கை வாங்கி, "அக்காவுக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பத்தே நாளில் ஆணை வந்தது. அளவுகளில் ஐயம் எழுந்துள்ளதால் மூன்று வருடம் மறுஆய்வு நடக்கும், தானியங்கிக் கருவி வைக்கப்படும், அளவு பார்ப்பவர் பணி இனித் தேவையில்லை. எண்ணை மாற்றியவர்களுக்குப் பதவி உயர்வு.

இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பழைய கார் டைனமோ ஏதாவது இருக்கா?"

"இருக்கு அண்ணி. எதுக்கு?"

"மேக்கால சரிவுல தினம் பதினோரு மணிக்குக் காத்து ஏறும். சாயங்காலம் வரைக்கும் நிக்காது. இத நான் இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்திருக்கேன், நமக்கு ஒரு தடவகூட யோசிக்கல."

பிளாஸ்டிக் குழாயை நெடுக்காக அறுத்து இறக்கை செய்து டைனமோவில் பூட்டினார்கள். முதல் இறக்கை பிய்த்துக்கொண்டு பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. நான்காவது பிய்யாமல் நின்று சுழன்றது. அவள் வீட்டிலும் பக்கத்து இரண்டு வீடுகளிலும் விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது.

விஷயம் காதுக்கு எட்டி, ஆய்வாளர் ஒருவர் நோட்டீஸோடு வந்தார்.

"ஆய்வு முடியற வரைக்கும் இந்தக் குன்றுக் காத்த யாரும் உபயோகிக்கக் கூடாதும்மா."

"சரிங்க. காத்துகிட்டயும் ஒரு நகல் குடுத்துடுங்க."

அவர் விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அணைந்துபோன தன் போனைச் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டார். முக்கால் மணி நேரம் இருந்தார். 'குறிப்பிட்ட இடத்தில் கட்டுமானம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் திரும்ப வந்தார், தன் மாமனார் வீட்டுக்கு ஒன்று வேண்டுமென்று. கொழுந்தன் முடியாது என்று சொல்லவில்லை. வரிசையில் ஐந்தாவது ஆள் என்று மட்டும் சொன்னான்.