முழுசாகத் திரும்பிய தட்டு

சாப்பிட்டு முடித்த தட்டு சமையலறைக்குள் வந்ததும் அவர் அதைத் தொட்டியில் போட்டுவிட மாட்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். உருளைக்கிழங்கு மசியலில் கரண்டி இறங்கிய தடம் இருக்கிறதா, ரொட்டியில் பல் பட்டிருக்கிறதா, மீனின் நடுத்துண்டு போயிருக்கிறதா, இல்லை ஓரத்தை மட்டும் கொறித்து வைத்திருக்கிறார்களா. எல்லாம் சரியென்று பட்டால் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தட்டைத் தண்ணீருக்குள் நழுவவிடுவார். இல்லாவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்.

வெளியே வந்தால் வம்புதான். நேராக அந்த மேசைக்குப் போய், பில்லுக்குக் காத்திருக்கும் ஆளைப் பார்த்து, “உடம்புக்கு என்ன?” என்பார்.

என்னிடமும் அப்படித்தான் கேட்டார். நான் லிஃப்ட் பரிசோதிக்கிறவன். ஊர் ஊராகப் போய், கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, கம்பிகளையும் பிரேக்கையும் பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற வேலை. அன்று எதிர்க் கட்டடத்து லிஃப்ட் என்னையே இரண்டு மணி நேரம் உள்ளே பிடித்து வைத்துவிட்டது. விட்ட பிறகு பசி கண்ணை மறைத்தது. பெயின்ட் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டின் உச்சியில், ‘மேல்நாட்டு உணவு’ என்று கையால் எழுதிய பலகை. ஆறு மேசை. வெள்ளை விரிப்பு. மிளகுப் புட்டியில் கவிதைப் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, வந்த சூப்பில் கரண்டியை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

“ஏன் தம்பி, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லைங்க.”

“ஒண்ணுமில்லாதவன் பாதியில நிறுத்துவானா? காய்ச்சலா? நாக்கை நீட்டு.”

கல்லாவிலிருந்து அவருடைய மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அப்பா, இது சாப்பாட்டுக் கடை, ஆஸ்பத்திரி இல்ல. அவர் நாக்கு அவர்கிட்டயே இருக்கட்டும்.”

அந்நியர் முன்னால் எனக்கு வாய் வராது. மறுத்துப் பேசுவதைவிட மிச்சச் சூப்பையும் குடித்துவிடுவது சுலபமாக இருந்தது. அவர் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். இத்தனை அக்கறையாக யாரும் நான் சாப்பிடுவதைப் பார்த்ததில்லை. அந்த ஊருக்கு வேலை வரும்போதெல்லாம் அந்தப் படியில் ஏற ஆரம்பித்தேன்.

வாடிக்கையாளர்கள் அவரைக் கப்பல்காரர் என்பார்கள். அவர் சமையலில் சில விசித்திரங்கள் உண்டு. எதுவும் சூடாக வராது. ஐஸ்கிரீம் பாதி உருகித்தான் வரும். மீனோடு வைக்கிற எலுமிச்சைத் துண்டு ஏற்கெனவே பிழிந்ததாக இருக்கும். இதெல்லாம்தான் அசல் மேல்நாட்டு முறை என்று நம்பி வருகிறவர்களும் இருந்தார்கள். மகள் கேட்டரிங் படித்தவள். அவளால் பொறுக்க முடியாது.

“எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சிட்டுத்தான் வைக்கணும்னு எந்த நாட்டுச் சட்டம்?”

“நான் பார்த்த தட்டுல எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு.”

“நீங்க பார்த்தது எச்சில் தட்டுப்பா.”

“தட்டு தட்டுதானே.”

அந்தப் பேச்சுக்கு அர்த்தம் எனக்கு அடுத்த வருஷம் ஒரு மத்தியான நேரத்தில்தான் தெரிந்தது. கடையில் நான் ஒருவன்தான் மிச்சம். மகள் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குறுக்கே பேசாதவன் என்பதால் என்னிடம் சொன்னாரோ என்னவோ.

பத்தொன்பது வயதில் ஒரு பயணிகள் கப்பலில் தட்டுக் கழுவச் சேர்ந்தாராம். அடித்தளத்தில் இரண்டு தொட்டி, சுண்ணாம்பு பூசி மறைத்த வட்ட ஜன்னல். சாப்பாட்டு மண்டபத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அடுப்படியும் வேறு தளத்தில். “மேசைக்குப் போற தட்டை நான் பார்த்ததே இல்ல தம்பி. திரும்பி வந்த தட்டுதான் எனக்குத் தெரியும். அதை நக்கி நக்கித்தான் சமையல் கத்துக்கிட்டேன்.” ஆறிய சூப்பும் உருகிய ஐஸ்கிரீமும் பிழிந்த எலுமிச்சையும் எங்கிருந்து வந்தன என்று அப்போது புரிந்தது.

வருகிற தட்டில் பெரும்பாலும் குப்பைதான். புட்டிங்கில் சிகரெட்டைக் குத்தி அணைத்திருப்பார்கள். ஒரே ஒரு ட்ரே மட்டும் சுத்தமாக வரும். மேல்தளத்தில் தனியாகப் பயணம் செய்த ஒரு வயதானவர். அறையை விட்டு வெளியே வராதவர். தட்டில் வைத்த எதையும் கத்தியால் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியைச் சாப்பிட்டுவிட்டு மறு பாதியைத் தொடாமல் அனுப்பிவிடுவார். அந்தப் பாதி இவருக்கு. முகம் பார்க்காத அந்த மனிதருக்கு இவர் வைத்த பெயர் ‘பாதிக்காரர்’. பதினோரு நாள் அப்படிப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் தட்டு முழுசாக வந்தது.

“எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூடியே திறக்காத மாதிரி இருந்துச்சு. முழு மீனு. முழு ரொட்டி. ராத்திரியும் அப்படியே. மறுநாளும் அப்படியே. மூணு நாளு நான் ராஜா தம்பி.” விரிப்பில் இல்லாத துணுக்கை விரலால் தள்ளினார். “நாலாம் நாள் காலையில கதவை உடைச்சாங்க.”

மிளகுப் புட்டியில் சாய்த்திருந்த புத்தகத்தை மூடினேன்.

“மேல யாருக்கும் தெரியாது. ட்ரே கொண்டுபோற ஸ்டூவர்டுக்கும் எனக்கும்தான் தெரியும், அந்த ஆள் சாப்பிடலைன்னு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டாக்டர் போயிருப்பார். எப்படிச் சொல்றது, வாய் நிறைய அவர் சாப்பாடு.”

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முதல் தட்டு முழுசாக வந்தபோது அந்த மனிதர் உயிரோடு இருந்தாரா, இல்லையா. இல்லையென்றால் இவர் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இருந்தார் என்றால்? அந்தக் கேள்வியோடு நாற்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தார். கப்பல் அன்றைக்கே துறைமுகம் சேர்ந்தது. ஆட்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். கம்பெனியும் மூடிவிட்டது. பதில் தெரிந்திருக்கக்கூடியவர் அந்த ஸ்டூவர்ட் மட்டும்தான். அவருடைய அடையாளமாக இவருக்கு நினைவிருந்தது ஒரு துணி மடிப்பு. அந்தக் கப்பலில் சாப்பாட்டு மேசைக் கைத்துணியைச் சட்டைக் காலர் மாதிரி மடித்து வைப்பார்களாம். அந்த ஸ்டூவர்ட் இடதுகைக்காரர். அவர் மடித்தது மட்டும் எதிர்ப்பக்கம், இடப்பக்கமாகத் திறக்கும்.

“நீ ஊர் ஊரா போறவன். மேசையில பரிமாறினவன் வேற என்ன பொழப்புப் பார்ப்பான்? எங்கயாவது நாலு மேசை போட்டுத்தான் உட்கார்ந்திருப்பான். துணியை மட்டும் பாரு.”

அப்படித்தான் நான் மேல்நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடித் திரிகிறவனானேன். மூன்று வருஷம். ஒரு ஊரில் பழைய வங்கியின் பெட்டக அறைக்குள் கடை. இரும்புக் கதவை இரண்டு பேர் தள்ளித் திறந்துவிட்டால்தான் பசியாற முடியும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் இறைச்சித் துண்டு மாடு வடிவத்து இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும். சட்டையைக் காப்பாற்ற விரிப்பின் முனையை எல்லோரும் கழுத்தில் செருகிக்கொள்வார்கள். இன்னோர் ஊரில் துணிக்கடையின் ஏழாவது மாடி. லிஃப்ட்டை நான்தான் சோதித்தேன் என்பதால் நம்பி ஏறினேன். வயதான தம்பதிகள் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல் புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் கை துடைக்கக் காகிதம்தான்.

இந்தக் கடைகளில் எல்லாம் எனக்கு ஒரு விதமான கூச்சம் விலகியது. அங்கே சமைக்கிறவர், பரிமாறுகிறவர், சாப்பிடுகிறவர் யாருமே அந்த மேல்நாட்டைப் பார்த்ததில்லை. பார்க்காத வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்களைப் போல எல்லோரும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தார்கள். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்திருப்பேன். மிச்சம் வைக்கக் கை வராது. சில நாள் எதிர் நாற்காலியில் யாரோ தட்டில் இருப்பதைச் சரிபாதியாக அறுத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

திரும்பிப் போனதும் கப்பல்காரர் கேட்பது இதைத்தான்:

“துணியா, காகிதமா?”

“காகிதம்.”

“சரி. சாப்பிடு.”

நான்காம் வருஷத் தொடக்கத்தில் ஒரு துறைமுக ஊரில், கிடங்குகளுக்கு நடுவே, நான்கு மேசைக் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். மேசையில் வெள்ளைத் துணி, காலர் மாதிரி. இடப்பக்கம் திறந்திருந்தது.

கை கழுவிக்கொள்ளப் பின்னால் போனேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ‘உள்ளே இருப்பவர் பாடவும்’ என்று ஓர் அட்டை தொங்கியது. எனக்குப் பாட்டு வராது. மனப்பாடமாக இருந்த நாலு வரிக் கவிதையைத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு நின்றேன். வெளியே யாரோ ஒரு பெண், “என்னங்க, உள்ள யாரோ அழறாங்க,” என்றாள்.

ஸ்டூவர்டுக்கு எழுபது இருக்கும். முதுகு வளையாதவர். சூப்பை இடது கையால் வைத்தார். ஆவி பறந்தது. நான் பேசினேன். வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: தட்டுக் கழுவினவர், பாதிக்காரர், மூன்று நாள் சாப்பாடு, நாற்பத்துச் சொச்சம் வருஷம், ஜன்னலோரம் தட்டைச் சாய்த்துப் பார்ப்பது. இவ்வளவும் சொன்ன பிறகுதான் கேள்விக்கே வந்தேன். கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அவர் என் முன்னாலிருந்த கைத்துணியைப் பிரித்தார். மடித்தார். சரியாக வரவில்லை போல. மறுபடி பிரித்து மடித்தார்.

“முதல் நாளே போயிட்டார்,” என்றார். “மத்தியான ட்ரே கொண்டுபோனேன். கட்டில்ல உயிர் இல்ல. கேப்டன்கிட்ட சொன்னேன். கரை சேர்ற வரைக்கும் பயணிகளுக்குத் தெரியக்கூடாதுன்னு உத்தரவு. ட்ரே போகலைன்னா சமையலறையில பேச்சு வரும். அதனால நானே கொண்டுபோய் உள்ள வச்சு, அரை மணி கழிச்சு எடுத்துட்டு வந்தேன்.”

“கதவை உடைச்சாங்கன்னு சொன்னாரே?”

“அதுவும் நாடகம்தான் சார்.” துணியை என் பக்கம் நகர்த்தினார். “உங்க ஆள்கிட்டச் சொல்லுங்க. அவர் யார் சாப்பாட்டையும் எடுத்துச் சாப்பிடலை. நிம்மதியா இருக்கச் சொல்லுங்க.”

“நீங்களே வந்து சொன்னா...”

“கடையை விட்டு வர முடியாது.” அதற்குமேல் அவர் என் மேசைக்கு வரவில்லை.

கப்பல்காரர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கத்தி நின்றது.

“மத்தியானமா, ராத்திரியா?”

“மத்தியானத் தட்டுக்கு முன்னாலயே.”

“அவனே பார்த்தானாமா?”

“அவரே பார்த்தாராம்.”

எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். “அப்போ மூணு நாளா நான் தின்னது பொணத்துக்குப் போன சாப்பாடா?” என்றார். பிறகு சிரித்தார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. சூப்பைச் சூடு பண்ணு. இந்தத் தம்பி இத்தனை வருஷமா பச்சைத்தண்ணி மாதிரி குடிச்சுக்கிட்டிருக்கான்.”

அதற்குப் பிறகு தட்டுகள் நேராகத் தொட்டிக்குப் போயின. எலுமிச்சை பிழியாமல் வந்தது. ஐஸ்கிரீம் கெட்டியாக இருந்தது. மகளுக்குக் கண்ணில் நீர். ஒருநாள் வேண்டுமென்றே பாதி மீனை அப்படியே விட்டுவைத்துப் பார்த்தேன். யாரும் வெளியே வரவில்லை. உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியிறங்கினேன்.

இரண்டு வருஷம் அப்படி இருந்தார். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். கடைசியாகச் சாப்பிட்ட தட்டில் மிச்சமே இல்லை என்று மகள் போனில் சொன்னாள். அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஸ்டூவர்டிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் துறைமுக ஊரில் வேலை வந்தபோது போனேன். அவர் டாக்டரிடம் போயிருந்தார். அவர் மனைவி கைத்துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது: “நீங்கதானே உள்ள அழுதவர்?”

“அது கவிதைங்க.”

“எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலை.”

பேச்சை மாற்ற, இன்னும் தாழ்ப்பாள் போடவில்லையா என்று கேட்டேன்.

“கடையில மட்டுமா? கல்யாணமான நாள்லேருந்து எங்க வீட்டுல ஒரு கதவுக்கும் கிடையாது. அவர் போட விடமாட்டார்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “கப்பல்ல வேலை பார்த்தப்போ ஒரு பெரியவர் உள்பக்கம் தாழ் போட்டுக்கிட்டு அறையிலயே இருந்தாராம். தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தாராம். இவர் ட்ரேயைக் கதவுக்கு வெளியே வச்சிட்டு வச்சிட்டு எடுத்துட்டு வருவார். சாப்பாடு அப்படியே இருக்கேன்னு ரெண்டாம் நாள் சாயங்காலம் கதவுல காதை வச்சுக் கேட்டாராம். உள்ள இருமல் சத்தம். சரி, ஆள் நல்லாத்தான் இருக்கார்னு திரும்பி வந்துட்டாராம்.”