மனம் திறந்த புதன்கிழமைகள்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடம் கிடங்கு சூப்பர்வைசராக இருந்தேன். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்து சரக்கை இறக்கி அடுக்குவது எங்கள் வேலை. கடைசி வருடங்களில் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு எல்லோரும் கூடி யோசனை சொல்ல வேண்டும் என்றார். தலைமை அலுவலகத்தின் உத்தரவாம். கேன்டீன் சுவரில் ஒரு பேனர் ஏறியது: ‘இங்கே தவறான யோசனை என்று எதுவும் இல்லை.’ அதன் மூலையில் ஒரு பல்பு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. 

கூட்டத்தின் குறிப்பை எழுதுவது என் பொறுப்பு. முதல் வாரம் ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்து, ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று யோசிக்கச் சொன்னார். காலையிலிருந்து ஐம்பது கிலோ மூட்டை தூக்கியவர்கள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். லோடர் ஒருவர், “தலைக்கு வச்சிகினு தூங்கலாம் சார்” என்றார். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மேனேஜர்தான். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, மதியத்தில் கிடங்குக்குள் யார் யார் தூங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் கேட்டார்.

பட்டியல் எதையும் நான் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதை வெளியில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். என் வயதுதான். வேலையில் சுத்தம், தேவையில்லாமல் பேசமாட்டார். மூன்றாவது புதன்கிழமை அவர் கையைத் தூக்கினார். நான் பேனாவைத் திறந்தேன்.

“சார், கெடங்குக்கு ஒரே வழிதான் கீது. நான் லோடு தூக்கிகினு வர்றதும் அதுலதான், ஜனங்க நடக்குறதும் அதுலதான். லோடு முன்னாடி மறைச்சிக்கும், திருப்பத்துல ஆள் நிக்கிறது எனக்குத் தெரியாது. பக்கத்து ஷட்டரத் தொறந்து வுட்டா ஜனங்க அந்தாண்ட போய்க்குவாங்க.”

“வெரி குட். ஏன் இத்தனை நாள் திறக்கல?” என்றார் மேனேஜர்.

கிடங்கில் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். அந்த ஷட்டருக்கு வெளியில்தான் கொஞ்சம் நிழல் உண்டு. மேனேஜர் தன் காரை அங்கேதான் நிறுத்துவார்.

“உங்க காரு நிக்குது சார்” என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

மேனேஜர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். “இதுதான் நான் எதிர்பார்த்தது. மனம் திறந்து பேசணும். எல்லாரும் இவரைப் பார்த்துக் கத்துக்கங்க” என்றார். கடைசியில் சமோசாவும் டீயும் வந்தன.

எல்லோரும் கலைந்த பிறகு மேனேஜர் என் நோட்டை வாங்கிப் படித்தார். “கார் சமாச்சாரம் எல்லாம் எதுக்கு? திருப்பத்தில் கண்ணாடி மாட்ட யோசனை வந்ததுன்னு எழுதுங்க.”

எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. வியாசர்பாடியில் வீடு, படிக்கும் இரண்டு பெண்கள். இதெல்லாம் காரணமா என்று கேட்டால் தெரியாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. 

அடுத்த திங்கள் அந்த ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கி, கேட்டில் லாரி நம்பர் எழுதப் போட்டார்கள். வெயிலில் நாள் முழுக்க நிற்க வேண்டும். வண்டியை அனுபவம் குறைந்த ஒருவரிடம் கொடுத்தார்கள். டீ நேரத்தில் பழைய ஓட்டுநர் என்னிடம் வந்தார்.

“நான் சொன்னத எழுதிகினியா இல்லியா?”

“எழுதினேன்பா” என்றேன். அதுவும் ஒரு விதத்தில் உண்மைதான். அந்த வார்த்தையைச் சொன்னபோது வாயில் ஏற்பட்ட கசப்பை எத்தனை டீ குடித்தும் போக்க முடியவில்லை.

கண்ணாடியும் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை, கிடங்கைப் பெருக்கும் அக்கா அந்தத் திருப்பத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். லோடோடு வந்த வண்டியின் சக்கரம் அவர் வலது பாதத்தில் ஏறியது. நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். அவர் அழவில்லை. “செருப்பக் கழட்டு நைனா, காலு எரியுது” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

மறுநாள் காலையிலேயே கார் வேறு இடத்துக்குப் போயிருந்தது. ஷட்டர் திறந்திருந்தது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அதே கேன்டீன். மேனேஜர் சொன்னார்: “எங்கள் யோசனைக் கூட்டத்தில் பிறந்த திட்டம் மேடம் இது. தனி நடைவழி. விபத்து கொஞ்சம் முந்திக்கிட்டது.” ‘பிறந்த’ என்று அவர் சொன்ன விதம் இருக்கிறதே, எழுந்துபோய்க் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அந்த அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார். “இந்த ஆபத்தைப் பற்றி யாராவது முன்பே பேசியிருக்கிறீர்களா?”

பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோரும் மேனேஜர் முகத்தைப் பார்த்தார்கள். கேட்டில் வேலை என்பதால் ஓட்டுநரைக் கூப்பிடவே இல்லை. மறைக்க நினைத்துதான் நானும் உட்கார்ந்திருந்தேன். ஆனால் முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அக்காவின் துணி சுற்றிய காலைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எழுந்து நோட்டை அந்த அம்மா முன்னால் வைத்தேன்.

“பேசினோம் மேடம். வண்டி ஓட்டினவர்தான் சொன்னார். ஷட்டரை மறைச்சிகிட்டு நின்னது சார் காருன்னும் சொன்னார். நான்தான் அதைக் கோடு போட்டு அடிச்சேன். சார் சொல்லி அடிச்சேன்.”

நான் போட்ட கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. அந்த அம்மா அதைப் படம் எடுத்துக்கொண்டார். மேனேஜர் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். தண்டனை என்றார்கள், பெரிய யார்டு என்றும் சொன்னார்கள். பெருக்கும் அக்காவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். ஓட்டுநரைத் திரும்பவும் வண்டிக்குக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னிடம், “காலு போனப்புறம் சொன்னியே, அது போதும்” என்றார். நன்றியா, திட்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புது மேனேஜர் நல்ல மனிதர். புதன்கிழமைக் கூட்டத்தை நிறுத்தாமல் என்னையே நடத்தச் சொன்னார். நான் பேனரைக் கழற்றினேன். எதையும் எழுதமாட்டேன், பெயர் வெளியே போகாது என்று சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். “ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணா” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. அடுத்த வாரமும் அப்படியே.

ஒரு நாள் எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மூட்டை அடுக்கும் பலகையை எப்படிச் சாய்த்து வைத்தால் முதுகு வலிக்காது என்று ஒருவர் கையால் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர், அது வேலைக்காகாது என்று மறுத்தார். மூன்றாமவர் டம்ளரைக் கவிழ்த்து வேறு ஒரு வழி காட்டினார். அருமையான யோசனை அது. நான் நெருங்கியதும் டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டு, “டீ சொல்லட்டுமாண்ணா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தேன். எனக்குப் பின்னால் பேச்சு மறுபடி ஆரம்பிப்பது கேட்டது.