சும்மா நடந்த செபமாலை

வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் செபமாலை நெடுங்காலம் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டிய கை ஐம்பது வயதில் தானாக நடுங்கத் தொடங்கியது. பிறகு காலும் முரண்டு பிடித்தது. அடியெடுத்து வைக்க நினைத்தால் பாதம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

அட்டன் ஆஸ்பத்திரி டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நரம்பு வியாதி, குணமாகாது. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் சீக்கிரம் முடக்கிவிடும். தினமும் கையை வீசி, அகலமாக அடியெடுத்து நடக்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். களைத்தால் நிறுத்திவிட வேண்டும். மேடு பள்ளம் ஆகாது, கத்தியைத் தொடவே கூடாது.

மேடு பள்ளம் ஆகாதாம்! மலைநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல அந்த மனிதருக்கு நல்ல தைரியம். தோட்டத்தில் மட்டமான நிலம் இரண்டே. ஒன்று தோட்டத்தை நடத்தும் துரை பந்தடிக்கும் புல்தரை. மற்றது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம். புல்தரையில் துரையின் நாய்க்குத்தான் நடக்க உத்தரவு. ஆகவே செபமாலை பின்னேரங்களில் பெரட்டுக் களத்தில் நடந்தார். மனைவி இசபெல் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்து, விழுந்தால் பிடிக்க அவர் பக்கத்திலேயே நடப்பாள்.

வந்தது வினை. நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷமாகியும், சும்மா நடக்கும் சுதந்திரம் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. அங்கே போகையில் கூடை, வருகையில் விறகு. வெறுங்கையோடு போய்ப் போய்த் திரும்புகிறவரைக் கண்ட கொழுந்து பறிக்கும் காளியாயி, ஏதாவது வேண்டுதலா என்று கேட்டாள். கங்காணி பழனியாண்டிக்கோ அது தொழிற்சங்க ஊர்வலத்துக்கு ஒத்திகையாகத் தெரிந்தது.

"யோவ், மலைக்கி வர மட்டும் ஒடம்பு முடியல. இங்க மாப்புள கணக்கா கைய வீசிக்கிட்டு நடக்குறியா?"

இசபெல் டொக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். கங்காணி காதில் வாங்காமல் துரையிடம் போட்டுக்கொடுத்தார். வேலைப் பதிவில் பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். அது செபமாலை பேரில் கொடுத்தது.

மறுநாள் பெரட்டில், எல்லார் முன்னாலும் துரை "நட" என்றார். தடுமாறினால் உதவாக்கரை, ஒழுங்காக நடந்தால் பொய்யன். பழகிய கால் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. செபமாலை அழகாக நடந்தார்.

"நல்லா நடக்குது! இன்னைக்கே மேமலை கவ்வாத்து!" என்றார் துரை.

பழனியாண்டி ஓடிப்போய்க் கத்தியைக் கொண்டுவந்து செபமாலை கையில் திணித்தார். கை ஆடிய ஆட்டத்தில் கத்தி கங்காணியின் தொந்தியை உரசாத குறையாக வீசிப் போனது. கங்காணி பின்னால் துள்ளினார்.

"வெட்டுறேங்க தொரைகளே," என்றார் செபமாலை பணிவாக. "கங்காணி ஐயா மட்டும் பக்கத்துலயே நின்னு காட்டிக் குடுத்தா போதும்."

"வேணாங்க தொரைகளே!" பழனியாண்டி அந்த நிமிஷமே டொக்டராகிவிட்டார். "இது நரம்பு வியாதிங்க. மேடு ஆகாது, கத்தி கூடவே கூடாது. மட்டத்துல நடக்குற வேலதாங்க இவருக்கு ஒத்துக்கும்!"

துரை கத்தியைத் திரும்ப வாங்கி வைக்கச் சொன்னார். பிறகு பெரட்டுக் களத்தை விளக்குமாற்றால் கூட்டும் வேலையைக் கொடுத்தார். அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, அரைச் சம்பளம். பேர் தப்பியது, காம்பராவும் தப்பியது. இசபெல் அத்தனை பேர் நடுவிலும் அழுதுவிட்டாள். கையை வீசி மட்டத்தில் நடக்கச் சொன்ன டொக்டரின் வைத்தியத்துக்கு நோயாளிக்கே சம்பளம் கொடுத்த தோட்டம் அந்த மலைப்பக்கத்தில் அது ஒன்றுதான்.