பூட்டுப் படம் தெரியாத பக்கம்

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் பானு. சுனாமிக்குப் பிறகு கணவன் முருகானந்தத்தோடு போர்ட் பிளேருக்கு வந்து, அபர்டீன் பஜார் துணிக்கடையில் வேலை பார்த்தபடியே, முப்பத்திரண்டு வயதில் இணையத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள்.

மறக்க முடியாத நாளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஏழு வருஷமாக நெஞ்சில் அடைத்துவைத்ததை எழுதிவிட்டாள். அலை வந்தபோது மாமனார் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அவரை அலை கொண்டுபோய்விட்டது. கடல் இரைச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை என்றுதான் கணவனிடம் சொல்லியிருந்தாள்.

பாடம் எழுதினால் வாத்தியார்தானே படிப்பார்? ஆனால் அது திறந்த வகுப்பாம், ஊர் உலகமே பார்க்கலாமாம்! தீவின் ஆமை நெட்டுக்குப் பயந்து, எல்லாரையும் போலப் படங்களை அணைத்துவைத்துத்தான் அவள் எழுதினாள். பக்கத்தைப் பூட்டும் பூட்டுப் படம் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் மதியம் நெட் சென்டரில் திறந்தால், அறுபது பேர் படித்திருந்தார்கள். யாரோ ஃபேஸ்புக்கில் கச்சால்காரர்கள் குழுவிலும் போட்டிருந்தார்கள். அவள் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். பக்கம் அசையவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

“நெட் ஸ்லோ ஹை, தீதி,” என்றார் சென்டர்காரர் இந்தியில்.

அப்போதுதான் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. முருகானந்தம் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

“அப்பா எத்தனை தடவ கூப்பிட்டாரு, பானு?”